ரிப்போர்ட் நார்மல், தூக்கம்தான் இல்லை

தூக்கப் பரிசோதனைக்காகத் தலையில் வயர் ஒட்டிய பசை போக மூன்று முறை தலைக்குக் குளிக்க வேண்டியிருந்தது. அதற்குள் ரிப்போர்ட் வந்துவிட்டது. தூக்கத்தில் மூச்சுத் தடை மணிக்கு 2 முறை (5-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை), கால் உதறலும் இல்லை. "அன்னிக்கு நல்லாத்தானே தூங்கியிருக்கீங்க? டென்ஷனைக் குறைங்க" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர். எட்டு மாதமாக விடிய விடிய விழித்துக் கிடக்கிறேன் என்றேன். திரையிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. வெளியே வந்தபோது, நாம்தான் கதை கட்டுகிறோமோ என்று எனக்கே தோன்றிவிட்டது.

இரண்டாவது டாக்டர் அந்தக் கோப்பை ஓரமாக வைத்துவிட்டார். அந்த டெஸ்ட் முக்கியமாக மூச்சுத் தடை போன்றவற்றைத் தேடுவதாம். தூங்க நேரமும் இடமும் இருந்தும் வாரத்தில் 3 இரவாவது தூக்கம் கெட்டு, 3 மாதம் நீடித்து, பகலும் பாழானால் அதுவே தூக்கமின்மை, பேசியே கண்டுபிடித்துவிடலாம். டெஸ்ட் அன்று தூங்கியதற்கும் காரணம் சொன்னார்: அது என் கட்டில் இல்லை. வீட்டுக் கட்டிலைப் பார்த்தாலே விழித்துக்கொள்ள உடம்பு பழகிவிட்டது. தைராய்டு, இரும்புச்சத்து ரத்தப் பரிசோதனைகள் சரியாகவே இருந்தன.

அப்புறம் இரண்டு வாரத் தூக்கக் குறிப்பு. இதில் முதல் வாரத்தை நானே வீணாக்கினேன். ராத்திரி ஒவ்வொரு விழிப்புக்கும் மணி பார்த்து, 1.40, 2.25, 3.10 என்று எழுதினேன். கடிகாரம் பார்த்தே மிச்சத் தூக்கமும் போனது. காலையில் எழுந்த பிறகு உத்தேசமாக எழுதினால் போதும்.

கணக்குப் போட்டால், கட்டிலில் 8 மணி நேரம், தூங்கியது 5 மணி 10 நிமிடம். 65 சதவீதம்கூட இல்லை. அதனால் கட்டிலில் இருக்கும் நேரத்தைத் தூங்கும் நேரத்தை ஒட்டிக் குறைக்க, இரவு 12.30-க்கு முன் கட்டில் பக்கமே போகக் கூடாது, காலை 6-க்கு எழுந்தே ஆக வேண்டும், தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போக வேண்டும் என்றார். முதல் பத்து நாள் நரகம். பதினொரு மணிக்கு நாற்காலியிலேயே தலை தொங்கும். அந்த நாட்களில் வண்டி ஓட்டாதீர்கள். வலிப்பு, இருமுனைக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம்.

நான்காவது வாரம் 85 சதவீதத்தைத் தாண்டினேன். பரிசு, 15 நிமிடம். இப்போது 12.15-க்கே படுக்கலாம்!