சன்னல் துடைத்த தண்ணீர் எங்கே போகிறது? ஏழு மாதம் பார்த்த அனுபவம்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு தாத்தா 1978-இல் கட்டியது. மொத்தம் பதினோரு சன்னல்கள், எல்லாமே மரம். கூடத்தில் இருப்பவை தேக்கு, வார்னிஷ் அடித்தவை. அடுக்களையிலும் கொல்லைப்பக்க அறையிலும் நாட்டு மரம், வெள்ளை எனாமல் பெயிண்ட். மாடியில் பூஜை அறைச் சன்னல் ஒன்று மட்டும் பழைய ஸ்பிரிட் பாலிஷ். மூன்று விதப் பூச்சும் ஒரே வீட்டில் இருந்ததால்தான் இதையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

போன சரஸ்வதி பூஜைக்கு வீடு சுத்தம் செய்தபோது வாசல் பக்கத்துச் சன்னல் கதவின் கீழ் மூலையில் வார்னிஷ் தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியில் மரம் கறுத்திருந்தது. நகத்தால் அழுத்தினால் பதிந்தது. எனக்கு இது புரியவே இல்லை. அந்தச் சன்னல் தாழ்வாரத்துக்கு உள்ளே இருக்கிறது. வெயிலும் படாது, சாரலும் அடிக்காது. ஐப்பசி மழையை நேரடியாக வாங்குகிற தென்புறச் சன்னல் வெளுத்துப் போயிருந்தாலும் கல் மாதிரி இருக்கிறது. பாதுகாப்பாக இருப்பது ஏன் கெட்டது?

அம்மாவிடம் கேட்டேன். “வெள்ளிக்கிழமை வாசல் கழுவறப்ப அதுலயும் ரெண்டு சொம்பு ஊத்திடுவேன்டா, தெருப் புழுதி அப்படிப் படியுது” என்றாள். அப்போதுதான் பொறி தட்டியது. மழை வருஷத்தில் இரண்டு மூன்று மாதம்தான். வெள்ளிக்கிழமை வருஷம் முழுக்க வருகிறது.

எங்கள் வீட்டு மர வேலைக்கு முப்பது வருஷமாக வருகிற ஆசாரியை அழைத்தேன். கண்ணாடியைப் பிடித்திருக்கும் பீடிங்கை உளியால் மெதுவாக நெம்பி எடுத்தார். உள்ளே ஆணிகள் துருப்பிடித்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் மை கொட்டினதுபோல் கறுப்பு வட்டம். இரும்புத் துருவும் மரத்தில் இருக்கும் துவர்ப்புச் சத்தும் ஈரத்தில் சேர்ந்தால் இப்படிக் கறுக்கும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்களே, அதே சங்கதிதான். “இந்தச் சட்டத்துல பாதி வெளிறு தம்பி, வைரம் இல்ல. தேக்குன்னாலும் வைரத்துக்குத்தான் ஆயுசு. வெளிறுல தண்ணி நின்னா மத்த மரம் மாதிரிதான்” என்றார். வைரம் என்பது மரத்தின் கெட்டியான நடுப்பகுதி, வெளிறு அதைச் சுற்றிப் பட்டையை ஒட்டிய பகுதி. பிறகு சட்டம் இணையும் மூட்டைத் தொட்டுக் காட்டினார். “தண்ணி ஊத்தறது பெரிசில்ல. அது எங்க போய் நிக்குதுன்னு பாருங்க.”

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் அடுத்த ஏழு மாதமும் போயிற்று.

முதலில் ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கினேன். இரண்டு ஊசி முனைகளை மரத்தில் அழுத்தினால் எத்தனை சதவீதம் ஈரம் என்று காட்டும். கூடத்திலேயே கெடாமல் இருக்கும் இன்னொரு சன்னலில் இடது கதவுக்கு அம்மா பாணியில் இரண்டு சொம்பு, வலது கதவுக்குப் பிழிந்த துணி. தொடங்கும் முன் இரண்டிலும் 12. மறுநாள் காலை பிழிந்த துணி பட்ட பக்கம் அதே 12. ஊற்றின பக்கம் நடுச்சட்டத்தில் 12, ஆனால் கீழ் மூலையில் 19. மூன்றாம் நாளும் அங்கே 16 இருந்தது. 20-க்கு மேல் ஈரம் நின்றால்தான் மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சை வளரத் தொடங்கும் என்பார்கள். நல்ல நிலையில் இருக்கும் மூலையே 19 போகிறதென்றால், வார்னிஷ் வெடித்த மூலையின் கதி என்ன ஆகியிருக்கும்?

மூலை மட்டும் ஏன்? மரத்தின் நீளவாக்கில் குழாய்கள் ஓடுகின்றன. பக்கவாட்டு முகம் தண்ணீரைச் சீக்கிரம் உறிஞ்சாது. வெட்டின முனை உறிஞ்சும், கரும்பை நறுக்கினால் தெரிகிற முகம் மாதிரி. சட்டங்கள் சேரும் இடத்தில்தான் அந்த வெட்டு முகம் இருக்கிறது. கதவின் அடி விளிம்பும் அப்படித்தான். எங்கள் வீட்டுப் பதினோரு சன்னல்களில் ஒன்றின் அடி விளிம்பில்கூட பெயிண்டோ வார்னிஷோ இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடம் என்று விட்டிருக்கிறார்கள். கை விரலை அடியில் ஓட்டிப் பாருங்கள், உங்கள் வீட்டிலும் சொரசொரவென்று இருக்கக்கூடும்.

சரி, ஊற்றுவது கூடாது. ஸ்பிரே அடித்தால்? கார்த்திகையில் இதைப் பார்த்தேன். ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரும் நான்கு சொட்டு வெள்ளைத்துணி நீலமும் கலந்து, கொல்லைப்பக்கச் சன்னலின் வெளிப்புறம், எப்போதும் அடிப்பதுபோல் கண்ணாடியில் ஏழெட்டு தடவை அடித்தேன். உள்பக்கம் பீடிங்குக்கு அடியில் டிஷ்யூ தாளை மடித்துச் செருகியிருந்தேன். பத்து நிமிஷத்தில் தாளின் ஓரத்தில் நீலக் கோடு. துடைத்து உலர்த்தியாயிற்று என்று நான் நினைத்த தண்ணீர், கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவே இறங்கி மறுபக்கம் வந்திருக்கிறது. அதே ஸ்பிரேயைத் துணியில் அடித்துத் துடைத்தபோது தாள் வெள்ளையாகவே இருந்தது. இத்தனை மாதத்தில் நான் பார்த்ததில் இதைத்தான் முக்கியமாகச் சொல்வேன். எந்த மருந்து, எந்த பிராண்டு என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

அந்தக் கோடு ஏன் அந்த இடத்தில் மட்டும் வந்தது என்று உற்றுப் பார்த்தேன். பெயிண்ட் அடிக்கும்போது கண்ணாடி மேல் ஒரு மெல்லிய கோடாக, ஒன்றிரண்டு மில்லிமீட்டர், ஏறி நிற்கும். அசிங்கமாக இருக்கிறதே என்று அதற்கு முந்தின பொங்கலுக்கு பிளேடு வைத்து அதை நானே சுரண்டியிருந்தேன். கண்ணாடிக்கும் மரத்துக்கும் இடையில் தண்ணீர் இறங்காமல் காத்தது அந்தப் பெயிண்ட் கோடுதான். இனி கண்ணாடியில் தெறித்த பெயிண்ட் பொட்டுகளை மட்டும் சுரண்டுவேன், ஓரக் கோட்டைத் தொட மாட்டேன்.

மருந்துகளுக்கு வருகிறேன். அடுக்களைச் சன்னலில் தாளிப்பு எண்ணெய்ப் பிசுக்கு. அதற்குச் சலவை சோடாவை வெந்நீரில் கரைத்துத் துடைப்பது எங்கள் வீட்டு வழக்கம். பிசுக்கு உடனே போகும். ஆனால் துணியைப் பார்த்தால் வெள்ளையாகப் பால்போல ஏதோ ஒட்டியிருந்தது. அது பிசுக்கு இல்லை, பெயிண்ட். எனாமலைப் பிடித்து வைத்திருப்பது எண்ணெய் சேர்ந்த ரெசின். சலவை சோடா மாதிரியான காரம் அதைத் தொட்டால், தேங்காயெண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பு ஆவதுபோல, பெயிண்டின் மேல்தோலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சோப்பாகிக் கரைந்துவிடும். வருஷக்கணக்கில் சோடா பட்ட கதவு பளபளப்பே இல்லாமல் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கிறது; விரலால் தேய்த்தால் மாவு ஒட்டும். தொடாத மேல் சட்டம் இன்னும் மின்னுகிறது. அம்மோனியா கலந்த கண்ணாடி ஸ்பிரேயும் காரம்தான். லேபிளைப் படித்தே வாங்குங்கள்.

பிசுக்குக்கு இப்போது பாத்திரம் தேய்க்கும் திரவம், அரை பக்கெட் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஐந்தாறு சொட்டு, போதுமாக இருக்கிறது. இரண்டு முறை துடைக்க வேண்டும், அவ்வளவுதான். பச்சை நாரை மட்டும் எடுக்காதீர்கள். வார்னிஷில் நூலிழைக் கீறல்கள் விழுந்து, அப்புறம் அழுக்கு அதில்தான் போய் உட்காரும்.

பூஜை அறைச் சன்னல் தனிக் கதை. ஸ்பிரிட் பாலிஷ் என்பது அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப் பொதியால் தேய்த்து ஏற்றுவது. ஸ்பிரிட்டில் கரைத்ததை ஸ்பிரிட் மறுபடியும் கரைக்கும். கண்ணாடி ஸ்பிரேக்கள் பலவற்றில் ஆல்கஹால் இருக்கிறது, சீக்கிரம் உலர்வதற்காக. கீல் பக்கம், கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட்டைப் பஞ்சுக் குச்சியால் வைத்தேன். ஒரு நிமிஷத்தில் பிசுபிசுத்துப் பழுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. கூடத்து வார்னிஷில் அதே சொட்டு ஒன்றும் செய்யவில்லை. எந்தப் பூச்சு என்று தெரியாத பழைய சன்னல் இருந்தால், துடைக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். அரக்குப் பூச்சுக்கு வெறும் தண்ணீரும் ஆகாது. ஈரம் நின்றால் வெண்மூட்டம் மாதிரி தழும்பு விழும். எங்கள் சன்னலில் விளக்குப் பக்கம் அப்படி ஒன்று இருந்தது. ஆசாரி பொதியில் ஸ்பிரிட்டை வாசனைக்கு மாதிரி தொட்டு, நிறுத்தாமல் ஒரே வீச்சில் நான்கைந்து முறை ஓட்டினார். தழும்பு கண்முன்னே மறைந்தது. நான் முயன்றிருந்தால் பாலிஷையே எடுத்திருப்பேன். கை அழுத்தம் தெரிந்தவர்கள்தான் செய்ய வேண்டும்.

செய்தித்தாள் கண்ணாடிக்கு இன்றும் நன்றாகத்தான் வேலை செய்கிறது. வெள்ளைச் சட்டத்தில் பட்டால் மை ஈஷிக்கொள்ளும். அதனால் நடுக் கண்ணாடிக்கு மட்டும்.

போர் தண்ணீர் உப்புப் பொட்டுகள்தான் பெரிய தலைவலி. வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து, பொட்டு இருக்கும் இடத்தில் இரண்டு நிமிஷம் ஒற்றி வைத்தால் கரைகிறது. உடனே நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்துவிட வேண்டும். பித்தளைக் கொக்கியிலும் ஆணித் தலையிலும் வினிகர் பட விடாதீர்கள். ஆனால் கடைசித் துடைப்பைக் காவிரித் தண்ணீரிலோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரிலோ செய்தால் பொட்டே விழுவதில்லை. மார்கழிக்கு அப்புறம் வினிகர் பாட்டிலைத் திறக்கவே இல்லை.

இப்போது செய்கிற முறை இது. கதவை முழுதாகத் திறந்துவிட்டு, பழைய இரண்டு இஞ்ச் பெயிண்ட் பிரஷால் மூலை, கம்பி, கீல் எல்லாவற்றிலும் காய்ந்த புழுதியைத் தட்டுகிறேன். புழுதி போகாமல் ஈரத் துணி வைத்தால் அது சேறாகி மூட்டுக்குள் போகும். பிறகு பிழிந்த வேட்டித் துணியால் சட்டம், அப்புறம் கண்ணாடி, எப்போதும் மேலிருந்து கீழே. முடிவில் காய்ந்த துணியை விரலில் சுற்றிக் கீழ் பீடிங் ஓரத்தில் ஒரு ஓட்டு. கதவை அரை மணி நேரம் திறந்தே விட்டுவிடுகிறேன். ஒரு சன்னலுக்கு ஏழெட்டு நிமிஷம் ஆகிறது.

கெட்ட மூலையைத் தை மாதம் ஆசாரி வெட்டி எடுத்து வைரத் துண்டு ஒன்றை ஒட்டினார். துருப்பிடித்த ஆணிகளுக்குப் பதில் பித்தளை ஸ்க்ரூ போட்டோம். அடி விளிம்புகள் எல்லாவற்றுக்கும் நானே மூன்று கை வார்னிஷ் கொடுத்தேன். வெட்டு முகம் முதல் கையை அப்படியே குடித்துவிட்டது. சித்திரையில் அளந்தபோது அந்த மூலை 11. வெயில் காலம் என்பதால் இதை வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஐப்பசி வரட்டும், அப்போது அளந்து எழுதுகிறேன். அம்மா இன்னும் வெள்ளிக்கிழமை வாசல் கழுவுகிறாள். சன்னலுக்கு மட்டும் துணி.

பாக்கி இருப்பது அடுக்களைச் சன்னல். சுரண்டி மறுபடி எனாமல் அடிக்க வேண்டும். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எங்கள் பெயிண்டின் அடி அடுக்குகள் நாற்பது வருஷத்துக்கு மேல் பழசு. அதில் ஈயம் இருக்கலாம், தேய்த்தால் தூசாகப் பறக்கும். அதனால் காய்ந்தபடி உப்புக்காகிதம் போடப் போவதில்லை. தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் கறுப்புத் தாள், கீழே பிளாஸ்டிக் விரிப்பு, முகக்கவசம், குழந்தைகள் அன்றைக்கு அத்தை வீட்டில். தேய்த்த பிறகு மரம் 12-க்கு இறங்கும்வரை காத்திருந்து பிரைமர். ஆடிக்கு முன்னால் முடித்தாக வேண்டும். காற்று கிளம்பிவிட்டால் ஈரப் பெயிண்டில் காவிரி மணல்தான் ஒட்டும்.