அம்மப்பாவின் உடுக்கு

தம்பலகாமத்தில் அம்மம்மா வீட்டுப் பரணிலிருந்து நேற்று அம்மப்பாவின் உடுக்கை இறக்கினேன். ஒரு பக்கத் தோல் கிழிந்துவிட்டது. உடுக்கின் ஒடுங்கிய நடுவில் சுற்றிய இடுப்புக் கயிறு மட்டும் அவர் கைபட்ட இடத்தில் கறுத்து, மெழுகு பூசியதுபோல வழுவழுவென்று இருக்கிறது.

உடுக்கின் உயிரே அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது. இரண்டு தோல் முகங்களையும் பிணைத்து ஓடும் நூல்களை நடுவில் சுற்றிப் பிடித்திருப்பது அதுதான். இடக்கை அதை இறுக்கும்போது தோல் விறைத்துச் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். அதனால்தான் உடுக்கு ஒரு நேரம் அழும், ஒரு நேரம் அதட்டும். வைகாசியில் கண்ணகி அம்மனின் கோபம் தணியக் குளிர்த்திப் பாட்டுப் பாடும்போது அம்மப்பாவின் விரல்கள் தோலில் ஓடிய வேகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

பறையைப் பற்றியும் சொல்லவேண்டும். தமிழ்நாட்டுப் பறையைக் காணொளியில் பார்த்துவிட்டு, பறை என்றால் அது மட்டும்தான் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது ஒருமுகம். நம் கிழக்கிலங்கையின் பறை இருமுகம் கொண்டது. மட்டக்களப்புப் பக்கம் அதனோடு சொர்ணாளிக் குழலும் சேரும். அதைச் செத்தவீட்டு வாத்தியம் என்று ஒதுக்குவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. கோயில் சடங்கிலும் அதே பறைதானே அதிர்கிறது!

கிண்ணியாவில் றபான் என்ற ஒருமுகத் தோல் வாத்தியத்துக்குத் தோல் கட்டும் ஒரு முஸ்லிம் நானாவிடம் உடுக்கைக் காட்டினேன். இதற்கு இன்னும் மெல்லிய தோல் வேண்டும் தம்பி என்று தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

திருகோணமலைப் பக்கம் உடுக்குக்குத் தோல் கட்டத் தெரிந்த ஐயாமார், அண்ணன்மார் இருந்தால் உட்பெட்டியில் சொல்லுங்கள். வைகாசிக்கு முன் கட்டிவிட வேண்டும்.