ஒரே டிரிப்பில் வீடு மாறிய கதை

சென்னையில் மடிப்பாக்கத்திலிருந்து கொளத்தூருக்கு வீடு மாறினோம். ஆடி முடியட்டும் என்று அம்மா நிறுத்தி வைத்திருந்ததால், ஆவணி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமைக்கே வண்டி சொல்லிவிட்டேன். பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்காரர்கள் கேட்ட தொகைக்கு ஒரு மாத வாடகையையே கட்டிவிடலாம். இரண்டு பெட்ரூம் சாமான்தானே, ஒரு குட்டி யானை போதும் என்பது என் கணக்கு.

குட்டி யானை என்றால் டாடா ஏஸ். 2005-இல் வந்த வண்டி. பின்னால் ஏறக்குறைய ஏழடி நீளம், ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம், முக்கால் டன் வரை ஏற்றலாம். டிரைவர் அண்ணன் சனிக்கிழமை சாயங்காலமே வந்து வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ரெண்டு டிரிப் ஆவும் சார்."

ஒரு டிரிப்புக்கு 2,800 ரூபாய், லோடுமேன் இரண்டு பேருக்குத் தனி. "கட்டிலைக் கழட்டிடறேன், மொட்டை மாடிச் செடியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், ஒரே டிரிப்ல முடிச்சுருங்கண்ணே" என்றேன். அவர் பதில் சொல்லாமல் புத்தக அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏசியை மெக்கானிக் முந்தின நாளே வந்து, கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்து அடைத்துக் கழற்றிக் கொடுத்துவிட்டார். வாஷிங் மெஷின்தான் வம்பு. முன்பக்கக் கதவு வைத்த மெஷினை வண்டியில் ஏற்றும்போது டிரம் ஆடாமல் இருக்க, பின்னால் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். வாங்கிய அன்று கழற்றித் தந்த போல்ட்டுகளைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தேன். அவ்வளவு பத்திரம், எங்கே என்று எனக்கே தெரியவில்லை. கடைசியில் பழைய துண்டுகளை டிரம்மைச் சுற்றித் திணித்து அனுப்பினோம்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு ஏற்ற ஆரம்பித்தார்கள். கேபினை ஒட்டி பீரோ, பக்கத்தில் ஃபிரிட்ஜ், பிறகு மெஷின், மெத்தை, பாத்திர மூட்டை. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். "புக்ஸ் பெட்டியெல்லாம் கடைசில வைங்க, அங்க போனதும் மொதல்ல எறக்கிடலாம்." பதினான்கு பெட்டிகள். ஆர்வக்கோளாறில் ஒன்றை எடை பார்த்திருந்தேன்: 31 கிலோ. மொத்தம் நானூறு கிலோவைத் தாண்டும் என்று அப்போது பெருக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

மனைவி உப்பு ஜாடியும் சாமி படமுமாக ஆட்டோவில் முன்னால் போனாள். லோடுமேன்கள் பைக்கில். நான் கேபினில். மெட்ரோ தடுப்புகளுக்கு நடுவே ஊர்ந்து உள்வட்டச் சாலைக்கு வர முக்கால் மணி நேரம். மடிப்பாக்கம், கொளத்தூர் இரண்டுமே மாதவரம்-சோழிங்கநல்லூர் மெட்ரோ பாதையில்தான் வருகின்றன. அதாவது, ஒரு பள்ளத்திலிருந்து கிளம்பி அதே பள்ளத்தின் இன்னொரு முனைக்குக் குடிபோகிறேன்.

தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதையில் இறங்கி மேலே ஏறும்போது டிரைவர் முகம் மாறியது. ஸ்டியரிங்கை இரண்டு விரலால் இடதும் வலதும் லேசாகத் திருப்பிக் காட்டினார். வண்டி உடனே கேட்கவில்லை.

"புடிப்பே இல்ல பாருங்க. பின்னால இன்னா சார் வெச்சீங்க?"

சொன்னேன். மேலே வந்ததும் ஓரங்கட்டிவிட்டார். பின் சக்கரத்தின் அச்சுக்குப் பின்னால் விழுகிற கனம், சீசா பலகை மாதிரி முன்பக்கத்தைத் தூக்கிவிடும். முன் சக்கரம் தரையை அழுத்தாவிட்டால் ஸ்டியரிங் இருந்தும் இல்லாத மாதிரிதான். மொத்த எடை முக்கால் டன்னுக்குள் இருந்தாலும், அது உட்கார்ந்த இடம் தப்பு. "கத்திப்பாரா வளைவுல இப்டியே ஏறியிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

உச்சி வெயிலில் பாதிச் சாமானை நடைபாதையில் இறக்கினோம். சலூனுக்கு வந்தவர்கள் எங்கள் மெத்தையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். பெட்டிகள் பீரோவை ஒட்டித் தரையோடு தரையாக இரண்டு அடுக்காகப் போயின. மேலே மெத்தை, கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலிகள். தார்ப்பாயைப் போட்டு அவர் கயிறு கட்டியதை நின்று பார்த்தேன். கயிற்றின் நடுவில் ஒரு சுருக்கு. நுனியை வண்டியின் கொக்கிக்கு அடியில் விட்டு, மேலே கொண்டுவந்து, அந்தச் சுருக்குக்குள் நுழைத்துக் கீழே ஒரு இழுப்பு. கப்பி போட்டு இழுத்த மாதிரி கயிறு விறைத்தது. அவிழ்க்கும்போது நுனியை ஒரு முறை சுண்டினால் போதும். நான் கட்டியிருந்த ஒன்பது முடிச்சுகளையும் கத்தியால்தான் அறுக்க வேண்டியிருந்தது.

கத்திப்பாரா, வடபழனி, கோயம்பேடு எல்லாம் வண்டி சாதுவாகப் போனது. பாடி மேம்பாலத்தில் அந்த இரண்டு சிலிண்டர் எஞ்சின் முதல் கியரில் முனகிக்கொண்டே ஏறியது. பின்னால் பஸ்காரர் ஹாரனிலேயே எங்களைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

இதற்குள் அம்மாவிடமிருந்து நான்கு போன். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரைக்கு. அதற்குள் ஒரு சாமானாவது வாசற்படி தாண்ட வேண்டும். மனைவி உப்போடும் சாமி படத்தோடும் ஒரு மணிக்கே உள்ளே போய்விட்டாளே என்றால், "அது வேற, வண்டிச் சாமான் வேற" என்கிறாள் அம்மா. நாலு இருபதுக்குத் தெருவில் திரும்பினோம். தார்ப்பாயை விலக்கியதும் கைக்கு வந்தது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஓடினேன்.

ஃபிரிட்ஜை வைத்த உடனே போடாதீர்கள், கம்ப்ரஸர் ஆயில் இறங்கட்டும் என்று லோடுமேன் சொல்லிவிட்டுப் போனதால் ராத்திரிதான் போட்டோம். தூக்கில் கொண்டுவந்த தோசை மாவு அதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருந்தது.

நடுவழியில் இறக்கி ஏற்றியதற்கு லோடுமேன்களுக்குக் கூடுதலாக 600 கொடுத்தேன். செடிகளுக்காக அடுத்த ஞாயிறு அதே அண்ணனைத்தான் கூப்பிட்டேன். அதே 2,800. இந்த முறை தொட்டிகளை எங்கே வைப்பது என்று நான் வாயே திறக்கவில்லை.