பால்மேவ சுட்டது யாரு? ஸ்வீடன்ல ஆளுக்கொரு பதில் வச்சிருக்காங்க

ஒரு நாட்டோட பிரதமர் வெள்ளிக்கிழமை ராத்திரி பொண்டாட்டியோட படம் பாத்துட்டு, கூட ஒரு செக்யூரிட்டி கூட இல்லாம ரோட்டுல நடந்து போறார். நம்ம ஊர் வட்டச் செயலாளர் டீ குடிக்கப் போனாலே பின்னாடி நாலு பேர் போவாங்க. 1986 பிப்ரவரி 28, ஸ்டாக்ஹோம், ஸ்வேயாவேகன்ங்கிற மெயின் ரோடு, மணி 11.21. ஒருத்தன் பின்னாடி வந்து ஸ்வீடன் பிரதமர் ஓலோஃப் பால்மே முதுகுல ஒரு குண்டு, அடுத்தது அவர் பொண்டாட்டி லிஸ்பெத் அம்மாவ உரசிட்டுப் போகுது, அவ்வளவுதான், பக்கத்து சந்துல ஓடி படிக்கட்டுல ஏறி ஆள் காணாமப் போயிட்டான். நாப்பது வருஷம் ஆகப்போகுதுன்னு சொன்னாங்க, இப்ப ஆகியும் போச்சு, துப்பாக்கி கூட இன்னும் கிடைக்கல.

சதிக் கதைன்னா வேலவெட்டி இல்லாதவன் கிளப்பி விடறதுன்னு ஒரு நினைப்பு நமக்கு. இந்த கேஸ்ல அத ஆரம்பிச்சு வச்சதே போலீஸ்தான்னு நான் சொல்வேன். கொலை நடந்த இடத்த சுத்தி கயிறு கட்டுனாங்க, அதுவும் ரொம்ப சின்னதா. விடிஞ்சா ஜனம் பூ வைக்க வந்து நிக்குது. சுட்டது ரெண்டு குண்டு, அந்த ரெண்டையும் கண்டுபிடிச்சுக் குடுத்தது ரோட்டுல போன பொதுஜனம், போலீஸ் இல்ல! ஊர விட்டு வெளிய போற ரோட்டையும் நேரத்துக்கு அடைக்கல. இவ்வளவு சொதப்பல பாத்தா யாருக்குத்தான் சந்தேகம் வராது, வேணும்னே விட்டுட்டாங்கன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க, போலீசுக்குள்ளயே வலதுசாரி கும்பல் ஒண்ணு இருந்துச்சு அவங்கதான் போட்டாங்கன்னு ஒரு தனிக் கதை இன்னிக்கு வரைக்கும் ஓடுது.

விசாரணைக்குத் தலைமை ஹான்ஸ் ஹோல்மர், ஸ்டாக்ஹோம் போலீஸ் தலைவர். கொலைக் கேஸ் விசாரிச்ச அனுபவமே கிடையாது. குர்து இயக்கம் பிகேகே தான் பண்ணுச்சுன்னு அவர் மனசுல விழுந்துருச்சு, ஒரு வருஷம் அதையே புடிச்சு தொங்கிட்டு 1987 ஜனவரில குர்து மக்கள் வீடுகள்ல மொத்தமா ரெய்டு விட்டார், புடிச்சவங்கள எல்லாம் கொஞ்ச நாள்ல விட வேண்டியதாப் போச்சு, அவரும் பதவிய விட்டு இறங்கிட்டார். அப்புறம் துப்பறியும் நாவல் எழுதப் போயிட்டார் (நிஜமாத்தான்). அத்தோட முடிஞ்சுதா, அவரோட ஃபிரண்டு, ஒரு புத்தகப் பதிப்பாளர், அதே குர்து கதைய தனியா விசாரிக்கறேன்னு கிளம்ப, ஒட்டுக்கேக்குற கருவி எல்லாம் கடத்திட்டு வந்து மாட்டி, அந்த விவகாரத்துல 1988ல சட்ட அமைச்சர் அன்னா கிரேட்டா லெயோன் ராஜினாமா.

பால்மேவுக்கு எதிரிக்கு பஞ்சமே இல்லங்கறதுதான் இதுல சிக்கல். 1972ல ஹனோய் மேல அமெரிக்கா குண்டு போட்டப்ப அத நாஜிக்காரன் பண்ணதோட ஒப்பிட்டுப் பேசுனவர், அதனால சிஐஏ. சாகறதுக்கு ஒரு வாரம் முன்னாடி தான் நிறவெறிக்கு எதிரா ஸ்டாக்ஹோம்ல பேசுனார், தென்னாப்பிரிக்க நிறவெறி எதிர்ப்புத் தலைவர் ஆலிவர் டாம்போவும் வந்திருந்தார், அதனால தென்னாப்பிரிக்கா. 1996ல யூஜின் டி காக்னு அங்கத்த பழைய போலீஸ் கொலைகாரன் கோர்ட்லயே எங்க ஆளுங்கதான்னு சொல்ல, ஸ்வீடன் போலீஸ் ஃபிளைட் ஏறிப் போய் வெறுங்கையோட திரும்புச்சு.

நம்ம சைடு கதைதான் போஃபர்ஸ், ஸ்வீடன் கம்பெனிகிட்ட இந்தியா பீரங்கி வாங்குன டீல். 410 பீரங்கி, 1437 கோடி ரூபாய், கையெழுத்தானது 1986 மார்ச் 24, கொலை நடந்து ஒரு மாசம் கூட ஆகல. இடைத்தரகர் கமிஷன் விஷயம் பால்மேவுக்குத் தெரிஞ்சுபோச்சு, டீல நிறுத்தப் பாத்தார், முடிச்சுட்டாங்கன்னு கதை. அன்னிக்குக் காலைல ஈராக் தூதர் அல் சஹாஃப் அவர சந்திச்சார், அவர்தான் போட்டுக் குடுத்தார்னு சொல்றாங்க. யாருன்னு தெரியுதா, 2003ல பாக்தாத்ல அமெரிக்க டேங்கு ஊருக்குள்ள வந்த பிறகும் மைக் முன்னாடி நின்னு ஒருத்தனும் வரலன்னு அடிச்சு விட்டாரே, அவரேதான். இப்படி ஒரு கேரக்டர் உள்ள வந்தா கதை சூடு புடிக்கத்தானே செய்யும்.

ஆனா எனக்கு இது ஒட்டல. போஃபர்ஸ் பீரங்கிய வாங்கச் சொல்லி ராஜீவ் காந்திகிட்ட பேசுனவரே பால்மேதான், போஃபர்ஸ் ஃபேக்டரி இருந்த கார்ல்ஸ்கூகா ஊர்ல ஆயிரக்கணக்கான பேர் பொழப்பு அதுல இருந்துச்சு. அதவிட முக்கியம், அன்னிக்கு படத்துக்குப் போறதுன்னு முடிவானதே சாயங்காலத்துக்கு மேலதான், மகனும் அதே படத்துக்குப் போறார்னு தெரிஞ்சு கிளம்பிட்டாங்க. காலைல விஷயம் தெரிஞ்சு, மத்தியானம் ஆள் புடிச்சு, ராத்திரி தியேட்டர் வாசல்ல கொண்டு நிறுத்தற அளவுக்கு எந்தப் புரோக்கருக்கு கை நீளும்? போன ஒட்டுக்கேட்டாங்க, வாக்கி டாக்கியோட ஆளுங்க சுத்துனாங்கன்னு அதுக்கும் ஒரு பதில் வச்சிருக்காங்க. எந்த ஓட்டைக்கும் இவங்ககிட்ட ஒரு ஒட்டு ரெடியா இருக்கும்.

1991ல ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவ் கொலையானப்ப, செத்துப்போன போட்டோகிராபரோட கேமரா அங்கயே கிடந்துச்சு, அதுல இருந்து நூல் புடிச்சுத்தான் போனாங்க. அப்படியும் இங்க ஜெயின் கமிஷன், சிபிஐ கண்காணிப்புக் குழுன்னு வருஷக்கணக்கா இழுத்துச்சு. கேமராவே இல்லாத ஸ்டாக்ஹோம் கேஸ் எப்படி இருக்கும்னு பாத்துக்கோங்க. 250 மீட்டர் நீளத்துக்கு ஃபைல அடுக்கி வச்சிருக்காங்க, நான்தான் கொன்னேன்னு வந்து ஒத்துக்கிட்டவங்களே 130 பேருக்கு மேல.

கிறிஸ்டர் பெட்டர்சன்னு ஒரு குடிகாரர லிஸ்பெத் அம்மா அடையாளம் காட்டி 1989ல தண்டனையும் ஆச்சு, அப்பீல்ல அதே வருஷம் விடுதலை. ஆள் குடிகாரர்னு அணிவகுப்புக்கு முன்னாடியே அந்தம்மாகிட்ட சொல்லிட்டாங்களாம், அப்புறம் என்ன அடையாள அணிவகுப்பு அது. 2020 ஜூன்ல அரசு வக்கீல் பிரஸ் மீட் வச்சு, பக்கத்து ஸ்கான்டியா இன்சூரன்ஸ் பில்டிங்ல வேல பாத்த ஒருத்தரக் கை காட்டி, அவர் 2000லயே செத்துட்டார், கேஸ் குளோஸ்னுட்டார். துப்பாக்கியும் இல்ல, டிஎன்ஏவும் இல்ல. செத்தவர் வந்து வாதாடவா போறார்? எனக்கென்னவோ தனி ஆள் ஒருத்தன் பண்ண வேலைன்னுதான் படுது, அந்த ஒருத்தன் இவர்தான்னு சொல்ற தைரியம் மட்டும் வரல.