பைலட் என்ன ஸ்டேஷன் வைப்பார்?

புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தில் சின்ன ஏடிஆர் விமானம் இறங்குவதைப் பார்த்துவிட்டு அண்ணன் மகன் கேட்டது: "சித்தப்பா, பைலட் என்ன ஸ்டேஷன் வச்சிருப்பாரு?"

நல்ல கேள்விதான். நம் எஃப்எம் 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. விமானத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது. 108 முதல் 118 வரை வழிகாட்டும் வகையறா: தரையிலிருந்து திசை காட்டும் விஓஆர், ஓடுபாதையில் இறங்க வழிகாட்டும் ஐஎல்எஸ். அதற்கு மேல் 137 வரை பேச்சு. பேச்சு இன்றும் ஏஎம் முறையில்தான், பழைய மீடியம் வேவ் ரேடியோ மாதிரி. காரணம் இருக்கிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால், கரகரவென்று ஒரு சத்தமாவது கேட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். எஃப்எம்மில் பலமான குரல் மற்றதை அமுக்கிவிடும்.

பெரிய விமானங்களில் காக்பிட்டில் இருப்பது கட்டுப்பாட்டுப் பெட்டி மட்டும்தான், நிஜ ரேடியோ வேறு இடத்தில் இருக்கும். பெட்டியில் பொதுவாக இரண்டு அலைவரிசை எண்கள்: ஒன்று இப்போது ஓடுவது, மற்றது காத்திருப்பது. குமிழைத் திருகினால் காத்திருப்பதுதான் மாறும். அப்புறம் பட்டனைத் தட்டினால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். புது எண்ணில் பதில் வரவில்லையா? இன்னொரு தட்டு, பழைய ஆளிடமே திரும்பிவிடலாம். இதை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு!

ஐஎல்எஸ் எண்ணை வைத்தால் இறங்குசரிவைக் காட்டும் கிளைடு ஸ்லோப் தானாகவே சேர்ந்து வரும்; அது 330 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது, பைலட் அந்த எண்ணைத் தொடுவதே இல்லை. ஆனால் எண் சரி என்று மட்டும் நம்பிவிட முடியாது. அந்த நிலையம் அனுப்பும் மோர்ஸ் எழுத்துகளைக் கேட்டோ திரையில் பார்த்தோ உறுதி செய்ய வேண்டும்.

பையனுக்கு 121.5 தான் பிடித்துப்போனது. அவசர அலைவரிசை, உலகம் முழுக்க ஒன்றே.