முகம் பார்த்து மாவு

7.7.2025, திங்கள்

எங்கள் அங்கன்வாடியில் முட்டை போடும் நாள் என்பதால் வருகைக்குக் குறைவில்லை. வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்குக்கு இவ்வளவு பேர் வருவதில்லை. பிள்ளைகள் பாயில் தூங்க, ஆயா பாத்திரம் கழுவப் போனார். நான் போனோடு வாசலுக்கு வந்தேன். உள்ளே சிக்னல் கிடையாது.

இந்த மாதம் 1ஆம் தேதியிலிருந்து வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவுக்குப் போன் செயலியில் முகப்பதிவு கட்டாயம். முதலில் தாயின் ஆதார் எண்ணைப் போட்டு, அதோடு இணைத்த நம்பருக்கு வரும் ஓடிபியை வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். அப்புறம் மாவு வாங்கும்போதெல்லாம் அவர் கேமரா முன்னால் கண் சிமிட்ட வேண்டும். மாவு வேறு கைக்குப் போய்விடக் கூடாதாம். சரி, நோக்கத்தில் தப்பில்லை. ஆனால் திண்டுக்கல் மாவட்டத்தில் எங்கள் வேடசந்தூர் பக்கம் தாய்மார்களில் பலர் நூல் மில்லுக்குப் போகிறவர்கள். விடிந்ததும் மில் வண்டி ஏற்றிக்கொண்டு போய்விடும். பகலில் இங்கே வருவது பாட்டிகள்தான்.

8.7.2025, செவ்வாய்

மேட்டுத் தெரு அம்மாச்சி பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். குழந்தைக்கு ஒன்றேகால் வயது.

"மாவு குடுங்க டீச்சர்."

"உங்க மக வந்து முகத்தைக் காட்டணும் அம்மாச்சி."

"எம்மூஞ்சி இந்த ஊருக்கே தெரியும். இந்த டப்பாவுக்குத் தெரியலையாக்கும்?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மகளின் ஆதாரில் இருப்பது மருமகன் நம்பர். அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். போனை எடுத்து ஓடிபி சொல்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

வந்ததுதான் வந்தார், எடை பார்த்துவிடலாம் என்று குழந்தையைத் தராசில் தொங்கவிட்டேன். ஒரே அழுகை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு உதைத்த உதையில் முள் நிற்க வெகுநேரமானது. 7 கிலோ 300. போன மாதம் 7 கிலோ 500. நடுவில் காய்ச்சல் வந்து போயிருக்கிறது. ஊட்டக்குறைவைப் பார்க்கும் நாடாவை மேல்கையில் சுற்றினால் 12.1 செ.மீ. 11.5க்குக் கீழே போனால் சிவப்பு, 12.5 வரை மஞ்சள். சிவப்பு என்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம், தனி உணவும் உண்டு. மஞ்சளுக்கு என் கையில் இருக்கும் மருந்து இந்த மாவுதான். அதுதான் முகம் கேட்கிறது.

மாவு கொடுத்தேனா இல்லையா என்று இங்கே எழுதமாட்டேன்.

11.7.2025, வெள்ளி

ரிட்டயரான அக்கா ஒருவர் எட்டிப்பார்த்தார். 1980இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது, மதுரையில்தான் ஆரம்பம். திண்டுக்கல்லும் அப்போது மதுரை மாவட்டம்தான். அதில் வேலைக்குச் சேர்ந்தவர் இவர். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். எடை ஏறாத குழந்தைக்குத் தொண்ணூறு நாளைக்குச் சத்து லட்டு. ஏறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள்.

"ஏறுற பிள்ளையோட அம்மா வந்து சண்டை போடுவா, எம்பிள்ளைக்கு மட்டும் ஏன் இல்லைன்னு. உக்கார வச்சு எடை அட்டையில கோட்டைக் காட்டுவேன்" என்றார்.

அந்த முறையிலும் குறை இருந்தது. எடை குறைகிற வரைக்கும் காத்திருப்பது என்ன நியாயம்? ஆனாலும் யாருக்குக் கொடுப்பது என்பதைக் குழந்தையின் உடம்பைப் பார்த்து முடிவு செய்தார்கள். இப்போதும் மாதாமாதம் எடையை ஏற்றுகிறேன். முகம் ஒத்துப்போகவில்லை என்றால் மாவை நிறுத்தும் செயலி, எடை குறைந்தால் மாவைக் கொடு என்று சொல்வதில்லை.

16.7.2025, புதன்

மில்லில் வார லீவு என்று மேட்டுத் தெரு அம்மாச்சியின் மகள் காலையிலேயே வந்துவிட்டார். புருஷனைப் போனில் பிடித்து, ஒவ்வொரு எண்ணாகக் கேட்டு, ஓடிபி தாண்டியாயிற்று. முகம் சேரவில்லை. ஆதாரில் இருப்பது பள்ளிக்கூடத்தில் எடுத்த படம். ரெட்டைச் சடை, ஒல்லி முகம். வேப்பமரத்தடி வெளிச்சத்தில் நிறுத்தி, நெற்றி முடியை ஒதுக்கச் சொல்லி எடுத்த பிறகு ஒருவழியாகப் பச்சை டிக் விழுந்தது. ஆயா கைதட்டினார்.

"இனி மாசாமாசம் நான்தான் வரணுமா அக்கா? லீவு எந்த நாள்ல விழும்னு எனக்கே தெரியாதே."

மாவைக் கூழாகக் காய்ச்சுவதைவிட நெய்யோ எண்ணெயோ விட்டுக் கெட்டியாகக் கிண்டி, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுக்கச் சொன்னேன். குழந்தை 7 கிலோ 350.

வெள்ளிக்கிழமை செக்டர் கூட்டம், அதாவது எங்கள் பகுதி அங்கன்வாடிக்காரர்கள் கூடும் கூட்டம். பகலில் வர முடியாத தாய்மார்களின் பட்டியலை எழுதி முடித்துவிட்டேன். ஒவ்வொரு பெயருக்கும் நேராகக் குழந்தையின் போன மாத எடையும் இந்த மாத எடையும் இருக்கிறது. வீட்டில் வளர்க்கும் பாட்டியின் முகத்தையும் பதிய வழி செய்யுங்கள் என்று கேட்கப்போகிறேன்.