பெரியப்பாவின் வைப்புத்தொகையும் வங்கி கேட்ட காகிதங்களும்

பெரியப்பா காலமாகி ஓராண்டுக்கு மேல் ஆன பிறகும் அவருடைய சேமிப்பில் ஒரு பகுதி பெரியம்மாவின் கைக்கு வந்து சேரவில்லை. தொகை ஒன்றும் பெரிதில்லை. சொத்துத் தகராறும் இல்லை. அண்ணன் வெளிநாட்டிலும் அக்கா வேறு ஊரிலும் இருந்தாலும், எல்லாம் அம்மாவுக்கே சேரட்டும் என்று இருவரும் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். சண்டை சச்சரவே இல்லாத ஒரு வீட்டின் பணம் ஏன் இவ்வளவு காலம் வங்கியில் தேங்கி நிற்க வேண்டும் என்ற கேள்வியோடுதான் பெரியம்மாவுக்குத் துணையாக ஒவ்வொரு கிளையாக ஏறி இறங்கினேன். விதிகளில் கேட்கப்படாத காகிதங்களை வங்கிகள் கேட்பதாலும், கேட்டதைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று குடும்பத்தார் ஓடி ஓடிச் சேகரிப்பதாலும்தான் தாமதத்தின் பெரும்பகுதி உண்டாகிறது என்பது என் முடிவு.

முதலில் எளிதாக முடிந்திருக்க வேண்டிய கணக்கைச் சொல்கிறேன். பெரியப்பாவின் சேமிப்புக் கணக்கில் பெரியம்மாதான் நாமினி. பாஸ்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அது பதிவாகியிருந்தது. இருந்தும் இறப்புச் சான்றிதழோடும் ஆதாரோடும் போய் நின்றபோது, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், பிள்ளைகள் இருவரின் சம்மதக் கடிதம், இரண்டு ஜாமீன்தாரர்களின் கையெழுத்து ஆகியவை வேண்டும் என்றார்கள். நாமினி இருக்கும்போது இவையெல்லாம் எதற்கு என்று கேட்டதற்கு, "நாமினி பணத்துக்கு உரிமையாளர் இல்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, சார்" என்று ஒரு அதிகாரி விளக்கம் தந்தார்.

அவர் சொன்னது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ஆயுள் காப்பீட்டுப் பணத்தைப் பொறுத்தவரை நாமினி என்பவர் தொகையைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவரே தவிர அதன் முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்று சர்பதி தேவி வழக்கில் 1984-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வங்கி வைப்புகளுக்கும் இதே நிலைதான் என்று ராம் சந்தர் தல்வார் வழக்கில் 2010-இல் கூறியது. இந்தத் தீர்ப்புகள் நாமினிக்கும் மற்ற வாரிசுகளுக்கும் இடையிலான உரிமையைப் பற்றியவை. வங்கி யாரிடம் பணத்தைக் கொடுத்தால் அதன் பொறுப்பு தீரும் என்ற கேள்விக்கு, 1949-ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 1983-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் சேர்க்கப்பட்ட 45 இசட்.ஏ. பிரிவு தனியாகப் பதில் சொல்லிவிட்டது: நாமினியிடம் கொடுத்தால் வங்கியின் கடமை நிறைவேறிவிடும். நீதிமன்றத் தடை ஆணை எதுவும் இல்லாதவரை வாரிசுகள் யார், யாருக்கு எத்தனை பங்கு என்று ஆராய வேண்டிய அவசியம் கிளைக்கு இல்லை. பங்கு கேட்பவர்கள் பிறகு நாமினியிடம் கேட்டுக்கொள்ளலாம். தவறான ஆளிடம் கொடுத்துவிட்டுப் பின்னாளில் விசாரணையில் மாட்டிக்கொள்வோமோ என்ற அச்சம் அதிகாரிகளுக்கு இருப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அச்சத்தைப் போக்குவதற்காகவே கொண்டுவரப்பட்ட ஏற்பாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அஞ்சுவதுதான் வேடிக்கை.

நாமினி இருக்கும் கணக்குகளுக்கு, தொகை எவ்வளவாக இருந்தாலும், நீதிமன்றச் சான்றிதழோ ஈட்டுறுதிப் பத்திரமோ (பின்னாளில் வேறு யாரேனும் உரிமை கோரினால் வங்கியின் இழப்பை ஈடுசெய்வோம் என்று எழுதித் தருவது) ஜாமீனோ கேட்கக் கூடாது என்றும், உரிய ஆவணங்கள் கிடைத்த 15 நாட்களுக்குள் கோரிக்கையைத் தீர்க்க வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2005 ஜூன் மாதச் சுற்றறிக்கையிலேயே அறிவுறுத்தியிருந்தது. அந்தச் சுற்றறிக்கையைக் குறிப்பிட்டு, கூடுதல் ஆவணங்கள் எந்த விதியின் கீழ் கேட்கப்படுகின்றன என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறு பெரியம்மா கையெழுத்திட்ட கடிதத்தைக் கிளையில் கொடுத்து, நகலில் முத்திரையும் வாங்கிக்கொண்டோம். காரணத்தை எழுதித் தர யாருக்கும் மனம் வரவில்லை, பணம் வந்துவிட்டது. வாயால் கேட்கப்படும் ஆவணங்களில் பாதியை எழுத்தில் கேட்க மாட்டார்கள் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

நாமினி பெயர் இல்லாத நிரந்தர வைப்புதான் உண்மையிலேயே காலத்தைத் தின்றது. அது வேறொரு வங்கியில், பெரியப்பா வேலையில் இருந்த காலத்தில் போட்டு, முதிர்வுதோறும் தானாகவே புதுப்பிக்கப்பட்டு வந்த வைப்பு. இங்கே வாரிசுகள் யார் என்று வங்கி கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் முதலில் கிளையில் கேட்டது, நீதிமன்றத்தில் மனுப்போட்டு வாங்கும் வாரிசுரிமைச் சான்றிதழை, அதாவது வழக்கறிஞர்கள் சக்சஷன் சர்டிபிகேட் என்று சொல்வதை. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி வழங்கப்படும் அந்தச் சான்றிதழுக்கு மனு, அறிவிப்பு, ஆட்சேபத்துக்கான அவகாசம், நீதிமன்றக் கட்டணம் என்று பல மாதங்கள் பிடிக்கும். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் இதனினும் வேறு. அது இறந்தவரின் வாரிசுகள் யார் யார் என்று வருவாய்த் துறை விசாரித்துத் தரும் பட்டியல். சிறிய தொகைக்கு, அதுவும் தகராறு இல்லாதபோது, இந்தப் பட்டியலும் ஈட்டுறுதிப் பத்திரமும் போதும் என்று வங்கிகள் தாங்களே ஒரு வரம்பு வைத்திருந்தன. அந்த வரம்பு எவ்வளவு என்று வங்கிக்கு வங்கி மாறியதால், முகப்பில் இருப்பவருக்கே அது உறுதியாகத் தெரியவில்லை.

வாரிசுச் சான்றிதழ் வந்த பிறகு பெயர்ச் சிக்கல் தொடங்கியது. நம்மிடையே குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரின் முதலெழுத்துதான் இன்ஷியல். அது பழைய பாஸ்புத்தகத்தில் பெயருக்கு முன்னும், ஆதாரில் பெயருக்குப் பின்னும், இறப்புச் சான்றிதழில் தகப்பனார் பெயராக முழுமையாகவும் இருந்தது. போதாக்குறைக்குச் 'சாமி' ஓரிடத்தில் 'ஸ்வாமி' ஆகியிருந்தது. மூன்று பெயர்களும் ஒரே மனிதரைக் குறிப்பவை என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் எழுத வேண்டியதாயிற்று. இறப்பைப் பதிவு செய்யும்போதே (21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்) வங்கிப் புத்தகத்தையும் ஆதாரையும் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுச் சொன்னால் பின்னாளில் வரும் அலைச்சலில் பெரும்பங்கு குறையும். ஆனால் அந்த நாட்களில் எந்த வீட்டில் யாருக்கு அந்த நிதானம் இருக்கும்? அண்ணனின் சம்மதக் கடிதத்துக்கு அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பம் வேண்டும் என்றார்கள். அவருக்கு விடுப்பு கிடைத்து அது வந்து சேர்வதற்குள் மழைக்காலம் முடிந்துவிட்டது.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, மகன், மகள் ஆகியோரோடு தாயும் சமமாக இடம்பெறுகிறார். தந்தை அந்த வகுப்பில் இல்லை. இளவயதில் ஒருவர் இறக்கும் வீடுகளில் மாமியாரின் பெயரை விட்டுவிட்டு விண்ணப்பித்து, சான்றிதழ் திரும்பி வந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குவது அடிக்கடி நடக்கிறது.

நாங்கள் அலைந்து முடித்த பிறகு விதிகள் தெளிவாகிவிட்டன. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகள், எல்லா வங்கிகளும் 2026 மார்ச் 31-க்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்ற கெடுவோடு, நாமினி இல்லாத கணக்குகளுக்கான எளிய நடைமுறையின் வரம்பைக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்திருக்கின்றன. கூட்டுறவு வங்கிகளுக்கு அது 5 லட்சம். இந்த வரம்புக்குள் நீதிமன்றச் சான்றிதழோ மூன்றாம் நபர் ஜாமீனோ தேவையில்லை; வாரிசுச் சான்றிதழ் கிடைக்காவிட்டால், குடும்பத்தை நன்கு அறிந்த, உறவினரல்லாத, வங்கிக்கு ஏற்புடைய ஒருவரின் உறுதிமொழியே போதும். எல்லா ஆவணங்களும் கிடைத்த 15 நாட்களுக்குள் தீர்க்காமல் வங்கியின் காரணத்தால் தாமதமானால், தாமதமான காலத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் அடிப்படை வட்டி விகிதங்களில் ஒன்றான 'பேங்க் ரேட்'டோடு 4 சதவீதம் சேர்த்து ஆண்டு வட்டியை இழப்பீடாகத் தர வேண்டும். வங்கிப் பெட்டகமாக (லாக்கர்) இருந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய். 15 நாட்கள் என்ற அறிவுரை 2005 முதலே இருந்தது. அதை மீறினால் பணம் போகும் என்பதுதான் புதிது. இந்தக் கணக்கு முழு ஆவணங்களும் சேர்ந்த நாளிலிருந்தே தொடங்குவதால், தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு இல்லாமல் எந்தக் காகிதத்தையும் கொடுத்துவிட்டு வராதீர்கள். வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்.

காத்திருக்கும் காலத்தில் செலவுக்கு என்ன செய்வது என்பது எல்லா வீட்டிலும் எழும் கேள்வி. இறந்தவரின் ஏ.டி.எம். அட்டையைப் பயன்படுத்திப் பணம் எடுப்பதைப் பலரும் இயல்பாகச் செய்கிறார்கள். உரிமை உள்ளவரே எடுத்தாலும் அது தவறுதான், மற்ற வாரிசு ஒருவர் கேள்வி எழுப்பினால் பெரிய வில்லங்கமாகும். வைப்பை முதிர்வுக்கு முன்னரே முடிக்க நேர்ந்தால், வைப்பாளர் இறந்த நிலையில் அபராதம் பிடிக்கக் கூடாது என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

பெரியப்பா வேறு எங்கேனும் பணம் போட்டிருப்பாரோ என்ற ஐயத்தில் 'உத்கம்' என்ற ரிசர்வ் வங்கி இணையதளத்திலும் தேடினோம். 2023 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட அந்தத் தளம், 10 ஆண்டுகளுக்கு மேல் கேட்பாரற்றுக் கிடந்து ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்பட்ட தொகைகளைத்தான் காட்டும். அண்மையில் காலமானவரின் நடப்புக் கணக்குவழக்குகளுக்கு வீட்டுப் பீரோவைத் தேடுவதே உதவும்.

2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக, யாருக்கு எத்தனை சதவீதம் என்று குறித்தோ ஒருவருக்குப் பின் ஒருவராகவோ நியமிக்க முடிகிறது. பெரியம்மா தன் கணக்கில் மகன், மகள் இருவரையும் சரிபாதியாகப் பதிவு செய்துவிட்டார்.

இன்னும் வராமல் இருப்பது, பெரியப்பா ஊரிலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் போட்டிருந்த சிறு வைப்பு. அத்தகைய சங்கங்கள் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வராதவை என்பதால், மேலே சொன்ன 15 நாள் கெடுவும் இழப்பீடும் அங்கே செல்லாது; ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும் போக முடியாது. கூட்டுறவுச் சங்கங்களின் துணைப் பதிவாளருக்குப் பெரியம்மா பெயரில் மனு அனுப்பியிருக்கிறோம்.